பையைக் கொட்டுங்கள், அப்புறம் கண்ணைப் பார்ப்போம்

'கண் டாக்டரைப் பார்க்கப் போகும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும், கேளுங்கள்' என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மேலே இடுக்கித் தோட்டங்களிலிருந்தும் ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பத்தோரு வருடம் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டருக்கு முன்னால் உங்களைப் பார்க்கிற ஆள். அந்த அளவுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 62 வயது. கேரளப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'திமிரம்' என்றார். திமிர்வாதம் என்று நினைத்து அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அடுத்து தேனிக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறோம். என்னென்ன எடுத்து வர வேண்டும்?
— வாசகி, வண்டிப்பெரியாறு

முதலில் அம்மாவுக்குச் சாப்பாடு போடுங்கள். மலையாளத்தில் திமிரம் என்றால் நம்முடைய கண்புரை, அவ்வளவுதான். நம் பழைய வைத்தியச் சுவடிகளிலும் கண் நோய்க்கு அந்தச் சொல் உண்டு, நாம்தான் மறந்துவிட்டோம். கை கால் விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் கலங்கிப்போவதுதான் புரை. சொட்டு மருந்தில் அது கரையாது. கரைக்கிறேன் என்று யாராவது பாட்டில் விற்றால் வாங்காதீர்கள். பார்வை அன்றாட வேலைக்கு இடைஞ்சலாகும்போது அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைப்பார்கள்.

எடுத்து வர வேண்டியதைக் கேட்டீர்கள். வீட்டில் ஒரு மஞ்சப்பை இருக்குமே, அதை எடுங்கள். அம்மா சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாம் அதில் போக வேண்டும். கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத மாத்திரையும்தான். பிரஷர், சர்க்கரை, ரத்தம் இளக, மூட்டுவலி, இளைப்பு, எதுவானாலும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் விழித்திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டி.பி. மருந்தில் எத்தாம்பியூட்டால் என்று ஒன்று உண்டு, அது பார்வை நரம்பைத் தொடும். ஸ்டீராய்டு நாள்பட உள்ளே போனால் புரையும் வரும், கண் அழுத்தமும் ஏறும். பெயர் தெரியவில்லை என்றால் கவலையில்லை, அட்டையைக் காட்டினால் போதும். 'வெள்ளை மாத்திரை சார், சின்னதா இருக்கும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வெள்ளை மாத்திரையை முப்பத்தோரு வருடமும் தேடியிருக்கிறேன்.

அப்புறம் பழைய கண்ணாடி. உடைந்திருந்தாலும் பரவாயில்லை, போடுவதே இல்லை என்றாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். அதன் பவரை மெஷினில் வைத்துப் பார்த்தால் இத்தனை வருடத்தில் கண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பழைய சீட்டு எதுவானாலும் சரி, மலையாளத்தில் இருந்தாலும் சரி. கண்ணில் விட்ட சொட்டு மருந்து பாட்டில் காலியாக இருந்தாலும் எடுத்து வாருங்கள்.

நான் முதலில் கண்ணைப் பார்க்க மாட்டேன். 'பையைக் கொட்டுங்கம்மா' என்பேன். ஒருமுறை மேசையில் விழுந்ததில் ஏழு பாட்டில். ஆறில் லேபிள் இருந்தது. ஏழாவதில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு எழுத்தே இல்லை. அந்த அம்மா ஆறையும் ஒதுக்கிவிட்டு ஏழாவதை மட்டும் இரண்டு வருடமாக விட்டுக்கொண்டிருந்தார், 'இதுதான் குளுகுளுன்னு இருக்கு' என்று. என்ன மருந்து என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. டாக்டர் கண் அழுத்தம் பார்த்தபோது 30-ஐத் தாண்டியிருந்தது. சாதாரணமாக 10-லிருந்து 21-க்குள் இருக்க வேண்டியது.

வருகிற அன்று கண் மை வேண்டாம், நெற்றியில் வழிகிற அளவுக்கு எண்ணெயும் வேண்டாம். ஒரு ஆள் கூட வர வேண்டும். அரை நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டு வாருங்கள். சீக்கிரம் முடிந்தால் கடைவீதிக்குப் போங்கள்.

கண்ணில் மருந்து விட்டால் எவ்வளவு நேரம் தெரியாமல் இருக்கும்? நான் ஆட்டோ ஓட்டுகிறேன், ஒரு சவாரி போனாலும் நஷ்டம்.
— வாசகர், கம்பம்

கண் பாப்பாவை விரிய வைக்கிற சொட்டு அது. விரிந்தால்தான் உள்ளே இருக்கிற விழித்திரையும் நரம்பும் முழுசாகத் தெரியும், சாவித்துவாரத்தில் பார்ப்பதற்கும் கதவைத் திறந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். விட்டு இருபது முப்பது நிமிடத்தில் விரியும். பழையபடி ஆக நாலு மணி நேரம், ஆறு மணி நேரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். தூரம் ஓரளவு தெரியும், கிட்டே இருக்கிற எழுத்து கலங்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும்.

ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒருமுறை என் கண்ணைக் காட்டத் தேனிக்குப் போனேன், டி.வி.எஸ்-50-ல், தனியாக. மருந்து விட்டார்கள். ஒரு மணிக்கு வெளியே வந்தேன். நமக்குத் தெரியாத ரோடா என்று கிளம்பிவிட்டேன். வீரபாண்டி தாண்டியதும் ரோடே வெள்ளைத்தாள் மாதிரி ஆகிவிட்டது. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்த பிறகுதான் லாரி என்று தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி, ஒரு புளியமரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு நாலரை மணிவரை உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் 'என்ன சார், வண்டி ரிப்பேரா?' என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

நீங்கள் பஸ்ஸில் வாருங்கள். அன்றைக்கு ஆட்டோ வேண்டாம். ஒரு கூலிங் கிளாஸ் பையில் இருக்கட்டும், ரோட்டோரத்தில் வாங்கியதாக இருந்தாலும்.

ஏலத்தோட்டத்தில் வேலை. ஐந்து நாளைக்கு முன் ஏல இலை கண்ணில் கிழித்துவிட்டது. பக்கத்து லயத்தில் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். மெடிக்கலில் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். முதலில் சுகமாக இருந்தது. இப்போது கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. எப்போது டாக்டரிடம் போகலாம்?
— வாசகர், வண்டன்மேடு

இன்றைக்கே. இந்தப் பத்திரிகை கைக்கு வரும்வரை காத்திருந்தீர்கள் என்றால் படித்து முடிக்காமல் கிளம்புங்கள். (கடிதத்தில் இருந்த நம்பருக்கு ஆசிரியர் அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.)

மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தோட்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் இந்தப் பக்கத்தில் வேறில்லை. இலை, குச்சி, நெல் தாள், கரும்புத் தோகை எதுவாக இருந்தாலும் செடி கிழித்த கண்ணில் பூஞ்சைக் காளான் உட்கார வாய்ப்பு அதிகம். கருவிழியில் புண்ணாகும். மெல்ல வரும், மெல்லத்தான் போகும். மெடிக்கலில் சிவப்பு மாற, உறுத்தல் போகக் கொடுக்கிற சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் இரண்டு நாள் சுகமாக இருக்கும். சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே காளான் தாராளமாக வளரும். நீங்கள் எழுதிய அந்த 'முதலில் சுகமாக இருந்தது' என்ற வரியைப் படித்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டாக்டரிடம் போனதும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். எந்தச் செடி, என்றைக்கு, அதற்கப்புறம் கண்ணில் என்னென்ன விட்டீர்கள். தாய்ப்பாலையும் சொல்லுங்கள், நந்தியாவட்டைச் சாற்றையும் சொல்லுங்கள், விளக்கெண்ணெயையும் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைக்கிறார்கள். திட்டினால் திட்டட்டும், மருந்து சரியாகக் கிடைக்குமே. புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் சுரண்டுவார்கள், பயம் வேண்டாம். காளான் என்றால் அதற்கென்று சொட்டு இருக்கிறது, ஆரம்பத்தில் மணிக்கொருதரம் விட வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் தொடரும். தோட்டத்து சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டே வாருங்கள். இரண்டு நாளில் முடிகிற காரியம் இல்லை.

கண்ணைக் கட்டிக்கொண்டு வராதீர்கள், துணி வைத்து அழுத்தவும் வேண்டாம்.

சீட்டில் 6/18 என்று எழுதியிருக்கிறார்கள். 18-க்கு 6 மார்க்கா?
— வாசகர், கூடலூர்

நல்ல கேள்வி. மார்க் இல்லை. நல்ல கண் 18 மீட்டரில் நின்று படிக்கிற எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். 6/6 சரியான பார்வை. 6/60 என்றால் பலகையின் மேலே இருக்கிற பெரிய எழுத்து மட்டும்தான் தெரிகிறது. படிக்கச் சொல்லும்போது கண்ணைச் சுருக்காதீர்கள், சுருக்கினால் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துவிடும், பவர் தப்பாகும். முன்னால் போனவர் படித்ததை மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பிக்கிறவர்களும் உண்டு. ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற இடம் இல்லையே அது!

எனக்கு 46 வயது. ஒரே வருடத்தில் மூன்று தடவை வெள்ளெழுத்துக் கண்ணாடி மாற்றிவிட்டேன். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் செக்கப் இலவசம் என்பதால் அங்கேயே பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனது. டாக்டரிடம் போக வேண்டுமா?
— வாசகர், போடி

போக வேண்டும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பவர் கூடுவதும் வழக்கம்தான். ஒரே வருடத்தில் மூன்று என்பது வழக்கம் இல்லை. கடையில் இருக்கிற மெஷின் கண்ணாடிக்கு எவ்வளவு பவர் என்று மட்டும் சொல்லும். நரம்பு எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு டெய்லர் ஞாபகம் வந்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று வந்தார். பவர் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து வந்தார், கால் பாயிண்ட் கூட்டினேன். மறுபடி வந்தார். மூன்றாவது தடவை உள்ளே வரும்போது பக்கத்தில் கிடந்த பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டார். 'பார்த்து வாங்கண்ணே' என்றேனே தவிர, ஏன் இடித்தார் என்று யோசிக்கவில்லை. கண் அழுத்தம் பார்க்கிற ஷியாட்ஸ் கருவி என் அலமாரியில், அதன் பெட்டியில், வெல்வெட் துணி மேல் பளபளவென்று படுத்திருந்தது. வெளியே கூட்டம். எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு முகாமில் டாக்டர் பார்த்தார். வலது கண் நரம்பு ஏறக்குறைய முழுசாகக் காய்ந்துவிட்டது, இடது பாதி. கண் அழுத்த நோய், கிளாக்கோமா என்பார்கள். வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வையிலிருந்து தின்றுகொண்டே வரும், நடுவில் கடைசிவரை தெரியும். அதனால்தான் பெஞ்சு தெரியாமல் பலகையில் எழுத்து தெரிந்திருக்கிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு விட்டுக் காப்பாற்றலாம், ஆயுசுக்கும். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடது கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த தீபாவளிக்கு எனக்கு ஒரு அரைக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் நாற்பது வயசுக்கு மேல் யார் வந்தாலும் அந்தப் பெட்டியைத் திறக்காமல் நான் அனுப்பியதில்லை.

நீங்கள் போனதும் அப்பா விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வர வாய்ப்பு கூடுதல். அழுத்தம் எத்தனை என்று கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் நரம்பைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள், அழுத்தம் ஏறாமலே நரம்பு காய்கிற கேஸும் உண்டு. இன்னொன்று, ஏற்கனவே சொட்டு விட்டுக்கொண்டிருப்பவர்கள் செக்கப் நாளில் மருந்து விடாமல் வருகிறார்கள், 'மருந்தில்லாமல் எவ்வளவு என்று பார்க்கட்டும்' என்று. டாக்டர் சொன்னாலொழிய அப்படிச் செய்ய வேண்டாம். எப்போதும் போல விட்டுவிட்டு, எத்தனை மணிக்கு விட்டோம் என்று சொல்லுங்கள்.

கேரட் தினமும் சாப்பிட்டால் கண்ணாடி போய்விடுமா?
— வாசகி, உத்தமபாளையம்

போகாது. மாலைக்கண் வராமல் இருக்க வைட்டமின் ஏ வேண்டும், அது கேரட்டில் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற முருங்கையிலும் இருக்கிறது. சைடு டிஷ்ஷாக வையுங்கள், கண்ணாடிக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

பையனுக்கு நாலு வயது. டி.வி.க்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். போட்டோவில் ஒரு கண் லேசாக உள்ளே திரும்பியிருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது, மாமியார் 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்கிறார். அ, ஆ கூட இன்னும் தெரியாது, எப்படிச் சோதிப்பார்கள்?
— வாசகி, சின்னமனூர்

அத்தைக்குக் கோபம் வராமல் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். எழுத்தே தெரிய வேண்டாம். படம் காட்டுவார்கள், ஆங்கில 'ஈ' மாதிரி மூன்று கால் உள்ள குறியைக் காட்டி எந்தப் பக்கம் கால் என்று கையைக் காட்டச் சொல்வார்கள். அதற்கும் ஒத்துழைக்காத பிள்ளைக்குக் கண்ணில் வெளிச்சம் அடித்து, அது அசைகிற விதத்தை வைத்தே பவர் கண்டுபிடித்துவிடலாம். கைக்குழந்தைக்கே பார்க்கிறார்கள்.

திரும்பியிருக்கிற கண்ணை மூளை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழெட்டு வயசுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மறைத்து இதை வேலை வாங்கினால் பெரும்பாலும் வழிக்கு வரும். வளர வளர அது கஷ்டமாகிவிடும். அந்த போட்டோவை போனில் வைத்திருங்கள், டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் பிள்ளை சில நேரம் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும்.

சாப்பிட வைத்துக் கூட்டி வாருங்கள். பசித்த பிள்ளை எந்தப் பக்கத்தையும் காட்டாது. 'அழுதால் டாக்டர் ஊசி போடுவார்' என்று வழியில் பயமுறுத்தாதீர்கள். பிள்ளைகளுக்குக் கண் பாப்பாவை விரிக்கிற அட்ரோபின் மருந்தைக் கொடுத்து வீட்டில் போடச் சொன்னால் கண் பாப்பா பழையபடி ஆகப் பத்து நாள், இரண்டு வாரம்கூட ஆகலாம். ஸ்கூல் பரீட்சை இருக்கிற பெரிய பிள்ளைகள் அதைப் பார்த்துத் தேதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பேத்தி அழுத்தி, கண்ணில் தெறித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்போது பரவாயில்லை. வேறு என்ன செய்திருக்க வேண்டும்?
— வாசகி, கம்பம்

ஓடும் முன் கழுவியிருக்க வேண்டும். சுண்ணாம்பு ஆசிட்டைவிடப் பொல்லாதது, உள்ளே அரித்துக்கொண்டே போகும். குழாயோ குடமோ, கிடைக்கிற நல்ல தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்து இருபது நிமிடமாவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். துகள் தெரிந்தால் ஈரத் துணி நுனியால் எடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் வண்டி. நீங்கள் எழுதியதை எல்லா அப்பத்தாக்களும் படிக்கட்டும். பாக்கெட்டை இடுப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கட்டில் மேல் போடாதீர்கள்.

சர்க்கரை 300-க்கு மேல் இருக்கிறது. பார்வை மங்கல். கண்ணாடி போட்டுவிடலாமா?
— வாசகர், குமுளி

இப்போது போட்டால் பணம் வீண். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸும் உப்பி வற்றும், பவர் மாறிக்கொண்டே இருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து சில வாரம் நிலைத்த பிறகு கண்ணாடிக்குப் பாருங்கள். ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அது வேறு. சர்க்கரை என்று சொன்னதுமே ஒருமுறை, அப்புறம் வருடம் ஒருமுறை, மங்கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும். திடீரென்று மின்னல் வெட்டுகிற மாதிரியோ, கரும்புள்ளி கூட்டமாகப் பறக்கிற மாதிரியோ, திரை விழுகிற மாதிரியோ தெரிந்தால் சர்க்கரை இருக்கிறதோ இல்லையோ அன்றே கிளம்ப வேண்டும்.

எங்களுக்குக் கேரள ரேஷன் கார்டு. தேனியில் பார்ப்பார்களா?
— வாசகர், பீர்மேடு

பார்ப்பார்கள், கண்ணுக்கு எல்லை கிடையாது. காப்பீட்டுக்குத்தான் எல்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு, உங்களுக்கு அங்கே காருண்யா திட்டம். தேனி அரவிந்தில் இலவசப் பிரிவு தனியாக உண்டு. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரியின் கிளை அது. முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆயிரக்கணக்கான புரை அறுவை செய்தவர் அவர்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் கண் எப்படி இருக்கிறது சார்?
— வாசகர், லோயர் கேம்ப்

கேட்டுவிட்டீர்கள். போன வருடம் வலது கண்ணுக்குப் புரை அறுவை ஆனது. அதற்கு முந்தின செக்கப்புக்குப் போனபோது சீட்டு எழுதுகிற பெண் 'வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா சார்?' என்றாள். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளை. பிரஷர் மாத்திரையைச் சொன்னேன். ஒன்றுக்குச் சரியாகப் போகாததற்குச் சாப்பிடுகிற டாம்சுலோசினைச் சொல்ல வாய் வரவில்லை. 'அவ்வளவுதானா?' என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மேசை முழுக்க அட்டை. அந்தப் பெண் நேராக டாம்சுலோசினை எடுத்துச் சிவப்பு மையில் எழுதினாள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அறுவையின்போது கருவிழிக்குப் பின்னால் இருக்கிற திரை துணி மாதிரி தொளதொளவென்று ஆடும், நிறுத்தினாலும் அந்தக் குணம் போகாது. முன்னாலேயே தெரிந்தால் சர்ஜன் அதற்குத் தயாராக இருப்பார். இந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தால் கூடத்துச் சுவர் பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் 'நான் வெள்ளை கேட்டால் சந்தனக் கலரை அடித்துவிட்டாயே' என்று சண்டை போட்டு இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் வீடு சுருளிப்பட்டியில் என்று விசாரித்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.